அமிலத்தில் கரையாத அமிலம்

போன செமஸ்டரில் லேபில் மட்கிய எருவைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து வடிகட்டினோம். வந்தது அசல் காபி டிகாஷன் மாதிரி ஒரு கறுப்புத் திரவம். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது, கறுப்பெல்லாம் திரித்திரியாகத் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "இதுதான் ஹியூமிக் அமிலம்" என்றார் சார். பேர் அமிலம், ஆனால் அமிலத்தில் கரையாதாம்! :-) அந்தக் குழப்பம் விடாமல் துரத்தியதால் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன்.

நாங்கள் செய்தது ரொம்பப் பழைய சோதனை. 1786-இல் ஜெர்மானிய வேதியியலாளர் அச்சார்ட் (பீட்ரூட் இனத்துக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தாரே, அவரேதான்) சதுப்பு நிலத்துப் பீட் மண்ணைக் காரத்தில் கரைத்து, அமிலம் விட்டு, இதே கறுப்பு வீழ்படிவை எடுத்தார். காரத்தில் கரையும், அமிலத்தில் வீழும். இன்றுவரை ஹியூமிக் அமிலத்துக்கு இதுதான் இலக்கணம். அதாவது, இந்தப் பொருளை வரையறுப்பதே அது கரைசலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான்.

காரணம் சிக்கலானது இல்லை. இதன் மூலக்கூறுகளில் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் நிறைய உண்டு. காரத்தில் இவை ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை பெறும், ஒன்றையொன்று தள்ளும், நீரில் விரிந்து மிதக்கும். அமிலம் விட்டால் சுமை போய்விடும். தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் சுருங்கித் திரண்டுவிடும். உப்பு போட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஏனென்றால் உப்பின் அயனிகள் அந்தச் சுமையை மறைத்துவிடும். கால்சியம் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு கார்பாக்சில்களைப் பாலம் போட்டுக் கட்டிவிடும்.

இது புரியாமல் ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் அடித்துக்கொண்டார்கள். மூலக்கூறு எடை சில ஆயிரம் என்றார்கள் சிலர், லட்சக்கணக்கு என்றார்கள் சிலர். உருண்டை என்றது ஒரு கட்சி, நீண்ட இழை என்றது இன்னொரு கட்சி. 1980-இல் கோஷ், ஷ்னிட்சர் இருவரும் பிஹெச், உப்பின் அளவு, கரைசலின் செறிவு மூன்றையும் மாற்றி மாற்றி அளந்து பார்த்தார்கள். செறிவும் உப்பும் மிகுந்து பிஹெச் குறைந்தால் உருண்டை. நீர்த்த, உப்புக் குறைந்த கரைசலில் வளையும் இழை. இரண்டு கட்சியும் சொன்னது சரிதான்! ஒவ்வொருவர் குடுவையிலும் இருந்த தண்ணீர்தான் வேறு. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

குடுவைக்கு வெளியே இது நடக்கும் இடம் ஆற்று முகத்துவாரம். 1976-இல் ஷோல்கோவிட்ஸ் ஸ்காட்லாந்து ஆறுகளின் பழுப்பு நீரை வடிகட்டிக் கடல்நீரோடு கலந்தார். தெளிவாக இருந்த நீரில் திரள்கள் தோன்றின. ஆறு கொண்டுவந்த இரும்பில் பெரும்பகுதி அவற்றோடு போய்விட்டது. கரிமப் பொருளில் போனது கொஞ்சம்தான், அதுவும் பெரிய மூலக்கூறுகளான ஹியூமிக் பகுதி. ஆற்றில் கரைந்திருக்கும் இரும்பு எல்லாம் கடலுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

நம் குடிநீருக்கும் இதில் பங்கு உண்டு. 1974-இல் ரோட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தின் ரூக், கிருமி கொல்லப் போடும் குளோரின் நீரிலுள்ள இந்தப் பழுப்புப் பொருளோடு சேர்ந்து குளோரோஃபார்மை உண்டாக்குகிறது என்று காட்டினார். 1979-இல் அமெரிக்கா இவ்வகைப் பொருள்களுக்கு லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அப்படியானால் குளோரினுக்கு முன்பே பழுப்பை எடுத்துவிட வேண்டும். அங்கேயும் பழைய சூத்திரம்தான்: பிஹெச் 6-க்குப் பக்கத்தில் இருந்தால் சுமை குறைவு, படிகாரம் கொஞ்சம் போட்டாலே திரண்டுவிடும்.

இதற்குள் வேறொரு சண்டை கிளம்பியிருந்தது. இத்தாலியின் பிக்கோலோ, வீழ்படிவாகாத அளவுக்குக் கொஞ்சமாக அசெட்டிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்தபோது "ராட்சத" மூலக்கூறு சின்னச் சின்னதாகப் பிரிவதைப் பார்த்தார். உண்மையான நீள் சங்கிலி இவ்வளவு லேசில் உடையாது. ஆகவே இது பலவீனமாக ஒட்டிக்கொண்ட சிறு மூலக்கூறுகளின் கூட்டம் என்று 2001-இல் விரிவாக எழுதினார். 2015-இல் லேமனும் கிளேபரும் ஒரே போடாகப் போட்டார்கள்: மண்ணில் ஹியூமிக் அமிலம் என்று தனியாக எதுவும் இல்லை, காரம் ஊற்றி நாம் பிரித்தெடுப்பதுதான் அது. மண்ணில் இருப்பவை சிதைவின் பல கட்டங்களில் உள்ள தாவர, நுண்ணுயிர்ச் சிதிலங்கள்தான் என்றார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மண்ணைப் பொறுத்தவரை எனக்கு 2015 கட்சிதான் சரியாகப் படுகிறது. ஆனால் ஷோல்கோவிட்ஸின் ஆற்றுநீர் திரளக் கடல்நீரே போதுமானதாக இருந்ததே! பேர் போனாலும் பழுப்பு போகாது போல.

லேபில் அடியில் உட்கார்ந்திருந்த கறுப்பை மறுநாள் கொட்டப் போனேன். மனசு கேட்கவில்லை. கொஞ்சம் காஸ்டிக் சோடா ஊற்றிக் கலக்கினேன். மறுபடியும் டிகாஷன்.