அணா மறைந்தபோது தபால் தலைகள்

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நம் நாட்டில் தசம நாணயமுறை நடைமுறைக்கு வந்தது. 16 அணாக்களாகவும் 192 தம்பிடிகளாகவும் வகுபட்டிருந்த ரூபாய், அன்றுமுதல் 100 நயா பைசாக்களாயிற்று. ‘நயா’ என்றால் ‘புதிய’ என்பதே பொருள். ‘புதுக்காசு’ என்று நாம் வழங்கியிருக்கலாம், வழங்கவில்லை.

கடிதத்திற்குரிய கட்டணம் அதுவரை இரண்டணா. புதிய கணக்கில் அது பன்னிரண்டரை நயா பைசா. அரை நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே 13 நயா பைசாத் தபால் தலை பிறந்தது. நாலணா சரியாக 25 நயா பைசா; ஆனால் இரண்டு கடிதத் தலைகளின் விலையோ 26. நேற்றுவரை நாலணாக் காசு ஒன்றுக்கு இரண்டு தலைகள் பெற்றவர், இன்று மேலும் ஒரு நயா பைசா தேட வேண்டியதாயிற்று. ஓரணாவுக்கு ஈடாக வந்த தலை 6 நயா பைசாதான். அங்கே கால் பைசா மிச்சம். எனினும், பிழைப்பு நாடி வெளி மாகாணம் சென்றவர் ஊருக்கு எழுதியது கடிதமாயின், அந்த மிச்சம் அவருக்கு உதவவில்லை.

தலைகளின் தோற்றமும் மாறிற்று. 1955 ஜனவரி 26-இல் வெளிவந்த வரிசையில் உழவு டிராக்டர், நூல் நூற்கும் பெண் எனப் பல காட்சிகள் இருந்தன. ஒரு ரூபாய் இரண்டணாத் தலையில் கன்னியாகுமரி காட்சியளித்தது. அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பரில் குமரி சென்னை மாகாணத்தோடு இணைந்தது. சில மாதங்களில் அந்தத் தலையின் மதிப்பே வழக்கொழிந்தது! புதிய நயா பைசா வரிசைக்கோ இந்தியாவின் தேசப்படம் ஒன்றே அமைந்தது. எண்ணையும் வண்ணத்தையும் மாற்றினாலே வேறொரு மதிப்புக்கு அப்படம் உதவும். அவசரத்திற்கு உகந்த ஏற்பாடுதான். ஆயினும் கண்ணுக்குச் சற்று வறட்சி.

ரூபாய் மாறாததால் 1, 2, 5, 10 ரூபாய்த் தலைகள் பழைய படங்களோடே தொடர்ந்தன.

1964 ஜூன் 1-இல் ‘நயா’ என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. உடனே, அச்சொல்லைத் தாங்கிய தேசப்படத் தலைகளும் பழையனவாயின. 1965-இல் தொடங்கிய புதிய வரிசை, வெறும் பைசா மதிப்போடு, மீண்டும் காட்சிகளை நாடியது. அதில் 15 பைசாத் தலையில் தேயிலை கொய்யும் பெண் இடம்பெற்றாள்.