மாத்திரையைச் சாப்பிடுவதா, எடுப்பதா?

நான் ஆங்கில ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ச்சலில் இரண்டு நாள் வராமல் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுந்து நின்று, "ஐ ஏட் டூ டேப்லெட்ஸ், சார்" என்றான். நான் சிரித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது.

"ஈட் இல்லடா, டேக். ஐ டுக் டூ டேப்லெட்ஸ்" என்று திருத்தினேன்.

"ஏன் சார்? வாயில போட்டு முழுங்கத்தானே செய்யறோம்?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான். உட்காரு."

அதன்பிறகு அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

அவன் கேட்டதற்கு எனக்கு அன்று பதில் தெரியாது என்பதுதான் உண்மை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

'டேக்' என்பதே ஆங்கிலத்துக்கு வெளியூரிலிருந்து வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு 'நிமன்' என்றார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் 'நேமன்' என்கிறார்கள். 793-இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, நிலம் உழுது, உள்ளூர்க்காரர்களோடு கலந்துவிட்டார்கள். 1016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கானூட் இங்கிலாந்துக்கே அரசரானார். அவர்கள் பேச்சில் எடுப்பதற்கு 'டாகா'. அதுதான் டேக் ஆயிற்று. நாளடைவில் நிமன் மறைந்தே போனது. கை மரத்துப்போவதைச் சொல்லும் 'நம்' என்ற சொல்லில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: உணர்ச்சி 'எடுக்கப்பட்டது' என்று அர்த்தம்.

1066-இல் நார்மன்கள் வந்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. பிரெஞ்சில் விடைபெறுவதற்கும் பங்கேற்பதற்கும் 'எடு' என்ற வினையைத்தான் போடுவார்கள். அந்த அச்சிலேயே ஆங்கிலத்தில் டேக் லீவ், டேக் பார்ட் எல்லாம் வந்தன. அந்த லீவுக்கு முதலில் அனுமதி என்றே பொருள். ஆக, வினை வைக்கிங்குடையது, வார்ப்பு பிரெஞ்சுக்காரருடையது, லீவ் மட்டும் சொந்தச் சொல்.

இதில் தர்க்கம் ஒன்றுமில்லை, பழக்கம்தான். குளிப்பதற்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் 'ஹேவ் எ பாத்', அமெரிக்காவில் 'டேக் எ பாத்'. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

நாம் மட்டும் என்ன? பசி எடுக்கிறது, பாம்பு படம் எடுக்கிறது, ஓட்டம் எடுக்கிறோம். இவை நம்முடையவை. லீவு எடுப்பதும், ரெஸ்ட் எடுப்பதும், நடவடிக்கை எடுப்பதும் ஆங்கில வழியில் வந்தவை.

போன மாதம் மருத்துவமனையில் நர்ஸ் பெண் என்னிடம், "ஐயா, மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அன்று நான் அந்தப் பையன்மேல் திணித்த டேக் இன்று தமிழிலேயே உட்கார்ந்திருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

தமிழ் வழக்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனான் என்று அவனைப் பார்த்துச் சிரித்தோம். மொழிகள் ஆயிரம் வருடமாகச் செய்துவருவதும் அதைத்தான். அவனுக்கும் இப்போது அறுபது தாண்டியிருக்கும். "நல்ல கேள்விடா, தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்று அன்று நான் சொல்லியிருக்கலாம்.