பழுப்பு நரம்பு

மாட்டுக்கு ஊறுகாய் போடுகிறார்கள் என்றால் சிரிப்பு வரும். ஆனால் ஊறுகாய்ப் புல் என்ற பெயரே நம்மிடம் இருக்கிறது. மணி பால் கட்டி முற்றிவரும் சமயத்தில் மக்காச்சோளத்தைக் கதிரும் தட்டையுமாக அறுத்து, பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிவிட்டால், அது புளித்து மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பிரான்ஸில் ஔகுஸ்த் கோஃபார் என்பவர் 1877-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பனிக்காலத்தில் பச்சைப் புல்லைக் காணாத நாடுகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் தின்றதெல்லாம் பாலாகிவிடுமா? தட்டையில் லிக்னின் என்று ஒரு பொருள் உண்டு. செடியை நிமிர்த்தி வைப்பது அதுதான். ஜீரணத்துக்குக் குறுக்கே நிற்பதும் அதுதான். செடிக்கு முதுகெலும்பு, மாட்டுக்கு முட்டுக்கட்டை.

1924-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தின் ஸெயின்ட் பால் நகரில், சர்வகலாசாலைப் பண்ணையிலே ஒரு விசித்திரச் செடி தலைகாட்டியது. நாலைந்து இலை விட்டதும் அதன் நடுநரம்பு செம்பழுப்பாக மாறிற்று. தானியத்தை எண்ணிப் பயிரிடுகிறவனுக்கு அதனால் என்ன லாபம்? பாரம்பரிய குணங்களை ஆராய்கிறவர்கள்தாம் அதைக் காப்பாற்றி வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1964-ல், குச், நெல்ஸன் என்ற இருவர் அந்த வகைச் செடிகளின் லிக்னின் மற்றச் செடிகளுடையது போல் இல்லை என்று எழுதினார்கள். பழுப்பு நரம்புச் செடியில் லிக்னின் குறைவு. தட்டை சுலபமாகச் செரிக்கும். தள்ளுபடியான செடிக்கு அன்று யோகம் பிறந்தது.

யோகம் பிறந்தால் போதுமா? கல்யாணம் அல்லவா நடக்க வேண்டும்! மக்காச்சோளத்தைத் தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சூல்கொள்ளச் செய்தால் நலிந்துபோகும். அப்படி நலிந்த இரு வம்சங்களைக் கலந்தால் பிள்ளை வீரியத்தோடு எழும்பும். ஜார்ஜ் ஷல் 1908-லேயே இதை எடுத்துச் சொன்னார். ஒட்டு விதையின் ரகசியம் இதுதான். ஆனால் பழுப்பு நரம்போ அடங்கிக் கிடக்கும் குணம். தாய், தகப்பன் இரு வழியிலும் வந்தால் ஒழிய வெளியே தெரியாது. ஆகவே இரண்டு வம்சத்திலும் அதைப் புகுத்தி, நல்ல வம்சத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, பழுப்பை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. 1990-களில்தான் ஊறுகாய்ப் புல்லுக்கென்றே இத்தகைய விதைகள் அங்கே கடைக்கு வந்தன. அந்தத் தீவனத்தை மாடுகள் கூடுதலாகத் தின்று கூடுதலாகப் பாலும் தந்தன என்று 1999-ல் மிச்சிகன் ராஜ்ய சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் அறிவித்தார்கள்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. முதுகெலும்பு மெலிந்த செடி பலத்த காற்றில் சாய்ந்துவிடும். விளைச்சலும் சற்றுக் குறையும். விதை வாங்கும் பண்ணைக்காரர் ஒரு தட்டில் காற்றையும் மறு தட்டில் கறவைப் பாத்திரத்தையும் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார்.