உடம்பில் ஊறிய ஹியூமர்

சிரிக்க வைப்பவரை இன்று ‘ஹியூமரஸ்’ என்று பாராட்டுகிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இதே சொல்லால் ஒருவரைக் குறிப்பிட்டால், நிலையில்லாத மனசுக்காரர் என்று அர்த்தம்.

லத்தீன் மூலத்தில் இதற்கு ஈரம் என்றே பொருள். ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்கள், அதாவது ஹியூமர்கள், உடம்பை ஆள்வதாக கிரேக்க வைத்தியம் நம்பியது. ஒன்று மிஞ்சினால் குணமே கோணலாகிவிடும். நம் வாத, பித்த, கபக் கணக்குக்குத் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும். ரோமியோ ஜூலியட்டில் ஷேக்ஸ்பியர் இரவுக்கே ‘ஹியூமரஸ்’ என்ற அடைமொழியைத் தந்திருக்கிறார். ஈரமான இரவு! சிரிப்பான இரவு என்று மொழிபெயர்த்தால் காதல் கந்தலாகிவிடும்.

கோணல் குணத்தை மேடையேற்றிச் சிரிக்க வைத்தவர் பென் ஜான்சன். 1598இல் அரங்கேறிய ‘எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்’ நாடகத்தில் சந்தேகப் பேயான வணிகர் ஒருவர், வாய்ச்சொல் வீரரான படைக்காரர் ஒருவர். நடித்தவர்கள் பட்டியலில் ஷேக்ஸ்பியர் பெயரும் உண்டு.

பைத்தியக்காரத்தனத்தைக் குறித்த சொல் மெல்ல அதைப் பார்த்து எழும் சிரிப்புக்கு இடம் மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பொருளே ஊன்றிக்கொண்டது.

பழைய ஈரம் முழுதும் காயவில்லை. கண்ணுக்குள் ஊறும் நீரைக் கண் மருத்துவர்கள் இன்னமும் ‘அக்வியஸ் ஹியூமர்’ என்றே அழைக்கிறார்கள்.