மேட்டூர்ச் சிலிக்கானும் மின்கலத்தின் எதிர்மின்வாயும்

பெங்களூருக்குச் 'சிலிக்கான் நகரம்' என்னும் பெயர் மென்பொருளால் வந்தது. சிலிக்கான் என்ற தனிமத்தோடு அந்நகருக்கு இருந்த நேரடி உறவு வேறு. அதைப் பலர் மறந்துவிட்டனர். ஒக்கலிபுரத்தின் ரயில் பாதைகளைக் கடந்து வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் இந்திய அறிவியல் கழகம் வரும். அங்கே பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தியின் குழுவினர் மின்னணுத் தொழிலுக்கு வேண்டிய மிகுதூய சிலிக்கானைச் செய்யும் முறையை உருவாக்கினர். 1980களில் அம்முறை மேட்டூருக்கு வந்து, மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனத்தின் வழியாக உற்பத்தியாயிற்று. லித்தியம் அயனி மின்கலத்தில் கிராஃபைட்டின் இடத்தைச் சிலிக்கானுக்குத் தர உலகெங்கும் முயற்சி நடக்கும் இந்நாளில், அந்தக் கதையைத் திரும்ப எடுத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஃபாரடே 1834இல், வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரின் துணையோடு, 'ஆனோடு', 'கேத்தோடு' என்னும் சொற்களைக் கிரேக்கத்திலிருந்து ஆக்கினார். ஏறுவழி, இறங்குவழி என்பதே அவற்றின் பொருள். மின்னூட்டத்தின் நேர், எதிர்க் குறிகளை அவர் வேண்டுமென்றே பெயருக்குள் நுழைக்கவில்லை. தமிழ்ப் பாடநூல்கள் மின்பகுப்புக் கலத்தை மனத்திற்கொண்டு ஆனோடை 'நேர்மின்வாய்' என்று பெயர்த்தன. மின்னைத் தரும் கலத்திலோ ஆனோடே எதிர்முனை. ஆகவே 'சிலிக்கான் நேர்மின்வாய்' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இக்கட்டுரையில் அது எதிர்மின்வாய் என்றே வழங்கப்படுகிறது.

லித்தியம் பிற உலோகங்களோடு மின்வேதியியல் முறையில் கலந்து உலோகக்கலவையாகும் என்பதை, அறை வெப்பநிலையில் கரிமக் கரைப்பான்களில் வைத்துக் காட்டியவர் அமெரிக்காவின் மேலரி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. என். டே, ஆண்டு 1971. வெள்ளீயம், ஈயம், அலுமினியம் ஆகியவை அவர் ஆராய்ந்தவற்றுள் அடங்கும். 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த சர்மாவும் சீஃபர்த்தும் லித்தியம்–சிலிக்கான் அமைப்பின் வெப்ப இயக்கவியலை உருகிய உப்பில், உயர் வெப்பநிலையில் அளந்து வெளியிட்டனர். அதாவது சோனி நிறுவனம் 1991இல் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே சிலிக்கானின் கொள்ளளவு தெரிந்திருந்தது. ஆயினும் சோனியின் கலத்தில் இருந்தது கார்பன்தான்.

காரணம் எளிது. கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்து ஒரு லித்தியத்தைத் தாங்கும். கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர் மணி. சிலிக்கானில் நான்கு அணுக்கள் பதினைந்து லித்தியத்தை ஏற்கும். கொள்ளளவு ஏறத்தாழ 3,579. ஆனால் அத்தனை விருந்தினரை உள்ளே விடும் வீடு நான்கு மடங்கு அளவுக்குப் பருக்கிறது. அவர்கள் வெளியேறும்போது சுருங்குகிறது. கிராஃபைட்டின் பருமன் பத்து விழுக்காடு போலத்தான் மாறும். சிலிக்கான் துகள் சில சுழற்சிகளிலேயே வெடித்துப் பொடியாகும். வெடித்த ஒவ்வொரு புதுப்பரப்பிலும் மின்பகுளி சிதைந்து படலம் கட்டும். அப்படலம் லித்தியத்தை விழுங்கும். கலம் மெல்ல இளைக்கும்.

2008இல் ஸ்டான்ஃபோர்டில் யி சூய் குழுவினர் சிலிக்கானை நானோ இழைகளாக வளர்த்து, இழைகளுக்கிடையே பருப்பதற்கு வெற்றிடம் விட்டு, வெடிப்பைக் குறைத்துக் காட்டினர். அதன்பின் ஆய்வுக்கட்டுரைகள் பெருகின. தொழிற்சாலை வரை வந்த வழிகளுள் முக்கியமானது இன்னொன்று: நுண்துளைக் கார்பனுக்குள் சிலேன் வாயுவைச் செலுத்திச் சிதைத்து, துளைகளுக்குள்ளேயே சிலிக்கானைப் படியவைப்பது. சிலேன் என்பது காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும் வாயு. பெருமளவு சிலேனைத் தரும் தொழில்முறைகளுள் ஒன்று ட்ரைகுளோரோசிலேனிலிருந்து தொடங்குகிறது. ட்ரைகுளோரோசிலேன், உலோகவியல் தரச் சிலிக்கானும் ஹைட்ரஜன் குளோரைடும் வினைபுரிந்து கிடைப்பது. மின்னணுத் தரச் சிலிக்கானுக்கும் இந்தப் புதிய எதிர்மின்வாய்க்கும் தாய் ஒன்றுதான்.

இங்கேதான் மேட்டூர் மீண்டும் வருகிறது. 1934இல் அணை முடிந்ததும் அவ்வூரில் வேதித்தொழில் வேர்விட்டது. உப்புநீரை மின்பகுத்துக் காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலையில் குளோரினும் ஹைட்ரஜனும் உடன்விளைவாக வரும். குளோரின் ட்ரைகுளோரோசிலேன் ஆக்க உதவும். அதைத் தூய்மைப்படுத்தியபின் சிலிக்கானாக ஒடுக்க ஹைட்ரஜன் வேண்டும். உலைக்கு ஓயாத மின்சாரம் வேண்டும். பெங்களூரின் ஆய்வகத்துக்கு மேட்டூர் ஏற்ற கூட்டாளியானது தற்செயல் அன்று. அமெரிக்காவில் சிலா, குரூப்14 என்னும் இரு சிலிக்கான் எதிர்மின்வாய் நிறுவனங்களும் மலிவான நீர்மின்சாரமும் பழைய சிலிக்கான் ஆலையும் இருந்த மோசஸ் லேக் என்ற சிற்றூரைத் தேர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம்.

மேட்டூர் முயற்சி தழைக்கத் தொடங்கிய அதே பத்தாண்டில் நடுவண் அரசு 'தேசிய சிலிக்கான் ஆலை' ஒன்றை வடோதராவில் நிறுவவும், அதற்கு ஹெம்லாக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கவும் எண்ணியது. உள்நாட்டு முறை கைவசம் இருக்க இறக்குமதி எதற்கு என்று அறிவியலாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அளவு, தரம், விலை மூன்றிலும் உள்நாட்டு முறை ஈடுகொடுக்காது என்பது மறுதரப்பு. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது; சிறிய ஆலையின் சிலிக்கான் உலகச் சந்தை விலையோடு போட்டியிடுவது கடினம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நடந்தது இரண்டும் அன்று. வடோதரா ஆலை எழவில்லை. மேட்டூரின் சிலிக்கான் உற்பத்தியும் காலப்போக்கில் நின்றது. விலையில் தோற்ற ஆலையோடு குளோரோசிலேன்களைக் கையாளும் கைப்பழக்கமும் கலைந்துபோனதே பெரிய இழப்பு. அந்தப் பழக்கத்தைக் கட்டுரை படித்துப் பெற முடியாது.

அதே அறிவியல் கழகத்தில் சிலிக்கானுக்கு வேறொரு வாசலும் இருந்தது. உயிர்ப்பொருள் வாயுவாக்க ஆய்வில் ஈடுபட்டிருந்த குழுவினர் நெல் உமிச்சாம்பலிலிருந்து வீழ்படிவுச் சிலிக்காவைப் பிரிக்கும் முறையை உருவாக்கி 2007இல் பெர்லின் மாநாட்டில் அளித்தனர். உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. 2013இல் கொரியாவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் உமிச் சிலிக்காவை மக்னீசியத்தால் ஒடுக்கி எதிர்மின்வாய் செய்து காட்டினர். தஞ்சை வயலிலிருந்து மின்கலம் என்று இதைக் கொண்டாடும் எழுத்துகள் பல வந்துள்ளன. கணக்கைப் பார்க்க வேண்டும்: ஒரு கிலோ சிலிக்கானுக்கு ஏறக்குறைய 1.7 கிலோ மக்னீசியம் செலவாகும், 2.9 கிலோ மக்னீசியம் ஆக்சைடை அமிலத்தில் கழுவி நீக்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு உகந்த வழி. ஆலைக்கு உகந்ததா என்பது ஐயம்.

மின்கலத் தொழில் இப்போது இதே நிலப்பரப்புக்குத்தான் வந்திருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் லித்தியம் அயனித் தொழில்நுட்பத்தை ராசி சோலார் நிறுவனத்துக்கு வழங்கும் ஒப்பந்தம் 2018 ஜூனில் பெங்களூரில் கையெழுத்தானது. ஆலைக்குக் குறித்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டம். பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓலா எலக்ட்ரிக் தன் கலத் தொழிற்சாலையை அதே மாவட்டத்தில் அமைத்தது. உலகின் எதிர்மின்வாய்ப் பொருளில் மிகப் பெரும்பகுதி சீனாவில் ஆக்கப்படுகிறது. 2023 டிசம்பர் முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அந்நாடு உரிமம் கட்டாயமாக்கியது. கிராஃபைட்டோடு சிறு விழுக்காடு சிலிக்கான் கலந்தாலும் அந்தச் சார்பு சற்றுக் குறையும். அந்தச் சிலிக்கானுக்கு வேண்டிய சிலேனை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி 1980களின் வாதத்தை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறது. மேட்டூரில் காஸ்டிக் சோடா ஆலை இன்றும் ஓடுகிறது.