இருட்டுக்கு எத்தனை படி?

இதைக் கேட்டுக்கிட்டே ஒரு சின்ன வேலை செய்யுங்க. போன்ல ஏதாவது ஒரு படத்தோட ராத்திரி சீனைப் போட்டு, பிரைட்னஸை நல்லா குறைச்சுப் பாருங்க. வானம் சீராக இருட்டிக்கொண்டே போகணும். சில போன்கள்ல அப்படிப் போகாது. மாடிப்படி மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகளைக் கேமராமேன் எடுக்கலை. அது உங்க திரை போட்ட கணக்கு.

இன்னைக்கு அந்தக் கணக்கோட வரலாறுதான். அது எங்கே போய் முடியுதுன்னா, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில. டிவியும் போனும் கோடிக்கணக்குல வெளியே போற ஊர் அது. ஆனா ஒரு திரையில் இருட்டு எவ்வளவு இருட்டாக இருக்கணும்னு தீர்மானிக்கிற பொருள் மட்டும் அங்கே பெட்டிக்குள்ளதான் வந்து இறங்குது. அது ஏன்னு யோசிச்சப்போ எனக்குக் கிடைத்த பதில், அரசாங்கக் கொள்கையைவிட முதல்ல இயற்பியல்லதான் இருந்தது.

பழைய டப்பா டிவியில இருந்து ஆரம்பிப்போம். அதுக்குள்ள இருந்தது பிக்சர் டியூப். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. பின்பக்கம் எலக்ட்ரான் துப்பாக்கி, முன்பக்கம் பாஸ்பர் பூச்சு. துப்பாக்கி அதிகமாகச் சுட்டால் பூச்சு பளிச்சென்று ஒளிரும், குறைவாகச் சுட்டால் மங்கும். கறுப்பு-வெள்ளைக்கு ஒரு துப்பாக்கி போதும். கலருக்கு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு. இந்த மூணு இடத்துல மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் போதும், முழுத் திரைக்கும் எல்லா நிழலும் கிடைச்சிடும். இந்த மூணுங்கிற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த டியூபுக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைச்சா ஒளி பாதியாகாது, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் இருக்கும். இதைத்தான் காமா என்கிறோம். இதை ஒவ்வொரு டிவியிலும் சரிசெய்யப்போனால் டிவி விலை ஏறிடும். அதனால ஒளிபரப்புப் பொறியாளர்கள், நிலையத்திலேயே, கேமரா பக்கத்துலேயே படத்தை எதிர்த்திசையில் வளைச்சு அனுப்பினாங்க. வீட்டு டியூப் அதை மறுபடி நிமிர்த்திவிடும். இதுல ஒரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. நம்ம கண்ணும் வெளிச்சத்தை நேர்கோட்டில் அளப்பதில்லை. இருட்டில் சின்ன மாற்றத்தையும் பிடிச்சிடும். நல்ல வெளிச்சத்தில் அதே அளவு மாற்றம் நடந்தால் கவனிக்கவே கவனிக்காது. அந்த வளைவு இருட்டுப் பக்கத்துக்கு அதிக இடம் கொடுத்தது, கண்ணுக்கும் அதுதான் தேவைப்பட்டது. டியூபே காணாமல் போன பிறகும் உங்க போன்ல அந்த வளைவு அப்படியே இருக்கு. பெட்டி போச்சு, பழக்கம் போகலை.

சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். கலர் வந்தது 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. அப்போ ஏற்கெனவே கறுப்பு-வெள்ளை டிவி வாங்கி வெச்சிருந்தவங்க யாரும் அதைத் தூக்கிப் போடலை. காரணம், கலர் ஒளிபரப்பில் வெளிச்சத்தின் தகவல் தனியாகவும் நிறத்தின் தகவல் தனியாகவும் போகும். பழைய டிவி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கும். அந்த வெளிச்சக் கணக்குல பச்சையின் பங்கு சுமார் 59 சதவீதம், சிவப்பு 30, நீலம் வெறும் 11. கண்ணுக்கு வெளிச்சம்னாலே பெரும்பாலும் பச்சைதான்.

சரி, அந்த டியூபை யார் செய்தாங்க? டயனோரா, சாலிடேர்னு சென்னை பிராண்டுகள் இருந்த காலம் அது. உங்க தாத்தாகிட்ட கேளுங்க, சொல்வார். நாட்டுக்குள்ளேயே டியூபும் தயாரானது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கறுப்பு-வெள்ளை டியூப் செய்தது. பின்னாடி சாம்டெல், ஜேசிடி, வீடியோகான் எல்லாம் கலர் டியூப் செய்தாங்க. தொழில்நுட்பம் வெளியிலிருந்து வாங்கினதுதான். ஆனா நிழலை உண்டாக்கும் பொருள் இங்கே செய்யப்பட்டது. இன்றைய நிலைமையை வெச்சுப் பார்த்தா அது சின்ன விஷயம் இல்லை.

இப்போ 2006-க்கு வருவோம். அந்த வருஷம் தமிழ்நாட்டில் ரெண்டு விஷயம் பக்கத்துல பக்கத்துல நடந்தது. ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை போன் தயாரிக்க ஆரம்பித்தது. மே மாதத் தேர்தலில் ஜெயித்த தி.மு.க. அரசு, செப்டம்பரில் 14 அங்குல இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. ஒரு கோடிக்கும் மேல் டிவி வீடுகளுக்குப் போச்சு. எல்லாமே டியூப் டிவி. உலகம் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஒரு மாநிலம் முழுக்க டியூபுக்குக் கடைசியாக ஒரு பெரிய விழா எடுத்த மாதிரி. எங்க தெருவில் அந்த டிவி வந்த அன்னைக்கு எல்லா வீட்டிலும் முதல் வேலை பிரைட்னஸைக் கடைசி வரைக்கும் ஏத்தினதுதான். கறுப்பு சாம்பலாச்சு, யாரும் கவலைப்படலை.

நோக்கியா பக்கம் கதை வேற. அங்கே நிழல் என்பது எண்ணிக்கை. நம்ம எல்லார் வீட்டிலும் இருந்த 1100-ல் ஒரு புள்ளிக்கு ரெண்டே நிலை: கறுப்பு, இல்லைன்னா கறுப்பில்லை. நடுவுல எதுவும் கிடையாது. அப்புறம் வந்த விலை குறைந்த கலர் போன்கள், 1600 மாதிரி, 65,536 நிறம்னு சொல்லிக்கிட்டு வந்தன. இந்த எண் எங்கிருந்து வருது? ஒரு புள்ளிக்கு 16 பிட். சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, பச்சைக்கு 6. அதாவது சிவப்பில் 32 படி, நீலத்தில் 32 படி, பச்சையில் 64 படி. மிச்சமிருந்த ஒரு பிட்டைப் பச்சைக்குக் கொடுத்ததற்குக் காரணம் அந்த 59 சதவீதம்தான். 1982-ல் கறுப்பு-வெள்ளை டிவியைக் காப்பாத்தின அதே கண் கணக்கு!

32 படிங்கிறது ரொம்பக் குறைவு. வெயில்ல எடுத்த போட்டோவில் தெரியாது. சாயங்காலம் எடுத்ததில் தெரியும். மாநிறமோ கறுப்போ உள்ள ஒரு முகத்தில், கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும் நிழல் முழுக்க இருட்டுப் பக்கத்துச் சில படிகளுக்குள்ளேயே நடக்கும். படி போதலைன்னா கன்னம் ஒரு திட்டு, தாடை ஒரு திட்டு. நம்ம ஊர்ல இதை 'போன் சரியில்லை'ன்னு சொல்லாம 'போட்டோவுல நான் கறுப்பா விழுந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டோம். எனக்கு இன்னமும் கோபம் வர்ற இடம் இது.

2011-க்குள் அந்த ஆலையிலிருந்து 50 கோடி போன்கள் போயிருந்தன. 2014 நவம்பர் 1-ல் மூடினாங்க. வரி வழக்கு, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கினபோது இந்த ஆலையை மட்டும் விட்டுட்டது, அதெல்லாம் தனி எபிசோடுக்கான விஷயம்.

இப்போ அந்த மூணுங்கிற எண்ணுக்குத் திரும்பலாம். எல்சிடி திரையில் துப்பாக்கி கிடையாது. பின்னாடி ஒரு விளக்கு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். முன்னாடி ஒவ்வொரு புள்ளியிலும் திரவப் படிகம், ஜன்னல் கதவு மாதிரி. எவ்வளவு மின்னழுத்தமோ அவ்வளவு திறக்கும், அவ்வளவு வெளிச்சம் வெளியே வரும். ஆனா ஒவ்வொரு கதவுக்கும் தனியாக ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் கண்ணாடி மேலேயே படிய வைக்கிற மெல்லிய டிரான்சிஸ்டர். சாதாரண ஃபுல் ஹெச்டி டிவியில் 1920 பெருக்கல் 1080 பெருக்கல் 3. மொத்தம் 62,20,800 கதவு. மூணு இடத்தில் உண்டான நிழல் இப்போ 62 லட்சம் இடத்தில் உண்டாகணும், எல்லாக் கதவும் ஒரே மாதிரி திறக்கணும்.

டியூப் என்பது கண்ணாடியும் வெற்றிடமும் பூச்சும். இதுவோ சிப் செய்வது மாதிரியான வேலை, ஆனா 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர் கண்ணாடிப் பலகையில. அப்படி ஒரு ஆலைக்குப் பல ஆயிரம் கோடி வேணும். ஜப்பான், தென் கொரியா, தைவான், பிறகு சீனா அந்தப் பணத்தைப் போட்டன. இந்தியாவின் டியூப் ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

மலிவான பேனல்களில் இன்னொரு தந்திரமும் நடக்கும். நிறத்துக்கு 6 பிட், அதாவது 64 படிதான் உண்மையில் இருக்கும். நடுவில் ஒரு நிழல் வேணும்னா, பக்கத்துல உள்ள ரெண்டு படிகளுக்கு இடையில் புள்ளி மாறி மாறித் துடிக்கும். கண் அதைச் சராசரி எடுத்துக்கும். இப்படி 64 படி 253 ஆகும். அதனாலதான் சில மானிட்டர் பெட்டியில 16.7 மில்லியன் நிறம்னு போடாம 16.2 மில்லியன்னு போட்டிருக்கும். அடுத்த தடவை கடையில பாருங்க.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை 2007-ல் திறந்தது. 2024 வேலைநிறுத்தத்தால் இந்த ஊர் பெயர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினோட அங்கே டிவியும் உண்டு. டிவி தயாரிப்புன்னா, வெளியிலிருந்து வரும் 'ஓப்பன் செல்' என்கிற கண்ணாடிக்கு விளக்கு, போர்டு, சட்டம் எல்லாம் சேர்ப்பது. டிவியின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடிதான்.

அதோட கனம் 2018-ல் தெரிஞ்சது. ஓப்பன் செல்லுக்கு மத்திய அரசு இறக்குமதி வரி போட்டது. சாம்சங் இந்தியாவில் டிவி செய்வதை நிறுத்திட்டு, வியட்நாமிலிருந்து முழு டிவியாகவே கொண்டுவர ஆரம்பித்தது. ஆசியான் ஒப்பந்தப்படி அதுதான் மலிவு. 2019 செப்டம்பரில் 5 சதவீத வரியை எடுத்தாங்க. 2020 அக்டோபரில் திரும்பப் போட்டாங்க. 2025 பட்ஜெட்டில் ஓப்பன் செல்லின் பாகங்களுக்கு வரி விலக்கு வந்தது. உள்நாட்டில் பேனல் செய்ய வைக்கத்தான் வரி போட்டாங்க, நோக்கம் புரியுது. ஆனா 62 லட்சம் டிரான்சிஸ்டரை வரி போட்டு வரவழைக்க முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது.

அப்புறம் ஐபோன். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் செய்யும் ஐபோன்களில் இப்போ ஓஎல்இடி திரை. அதில் பின்விளக்கே கிடையாது, புள்ளியே எரியும். கறுப்புன்னா அணைஞ்சிடும், அதனால கறுப்பு நிஜமான கறுப்பு. கஷ்டம் அதற்கு ஒரு படி மேலே. ரொம்பக் குறைந்த மின்னோட்டத்தில் லட்சக்கணக்கான புள்ளிகளைச் சமமாக எரிய வைக்கிறது கடினம். ஒண்ணு கொஞ்சம் கூடும், ஒண்ணு குறையும், சாம்பல் திரை அழுக்குப் படிஞ்ச மாதிரி தெரியும். தொழில்ல அதுக்கு 'முரா'ன்னு பேர், ஜப்பானிய வார்த்தை. அதனால பல போன்கள் பிரைட்னஸைக் குறைக்கும்போது திரையை மங்கலாக்குவதற்குப் பதில் வினாடிக்குச் சில நூறு முறை அணைச்சு அணைச்சு ஏத்தும். ராத்திரி போர்வைக்குள்ள போன் பார்த்துச் சிலருக்குத் தலைவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுது.

2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது அதில் சிப்போடு டிஸ்ப்ளே ஆலைக்கும் இடம் இருந்தது. முதலில் அனுமதி வாங்கி எழுந்தவை சிப், பேக்கேஜிங் ஆலைகள்தான். தமிழ்நாட்டில் வேற வழியில் நகர்வு நடந்தது. 2024 அக்டோபரில் மாநில அமைச்சரவை, ஃபாக்ஸ்கானைச் சேர்ந்த யூசான் நிறுவனத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 13,180 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரகடம் பக்கம் வரப்போவது போன் டிஸ்ப்ளே மாட்யூல் ஆலைன்னு செய்திகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் பிள்ளைப்பாக்கத்தில் கார்னிங் கூட்டு நிறுவனம் போனின் மேல்கண்ணாடிக்கு 1,003 கோடி போடுது.

மாட்யூல்னா என்ன? வந்த பேனலோடு டிரைவர் சிப், ரிப்பன் கேபிள், மேல்கண்ணாடி எல்லாத்தையும் தூசியில்லாத அறையில் ஒட்டுவது. ஒட்டின பிறகு ஒவ்வொரு திரையையும் எரிய வெச்சுப் பார்ப்பாங்க. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. அப்புறம் சாம்பல், அடுத்து அதைவிட இருண்ட சாம்பல். கேமராவும் பார்க்கும், ஆளும் பார்ப்பாங்க. அந்த அடர் சாம்பலில்தான் குறை தெரியும். தெரிஞ்சா திரை தனியாகப் போகும். அந்தக் குறையைத் திருத்தும் இடம், இப்போதைக்கு, கடல் தாண்டி இருக்கு.