வெடியுப்பும் பனிக்கட்டியும்

கோடை நண்பகலிலே குளிர்ந்த பானம் ஒன்றை அருந்தும்போது, அதன் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்டியைத் திறக்கிறோம், போத்தலை எடுக்கிறோம், அவ்வளவே. ஆனால், குளிர்ப்பெட்டி தோன்றுவதற்கு முன்னர், வெப்ப நாடொன்றிலே ஒரு போத்தலைக் குளிரச் செய்வது ஒரு மனிதனின் முழுநேரத் தொழிலாக இருந்தது. அந்தத் தொழிலின் கதையையே இன்று சொல்ல விழைகின்றேன். இக்கதையிலே பியர் என்னும் மது அடிக்கடி தலைகாட்டும். மதுவின் புகழ் பாடுவது என் நோக்கமன்று. வரலாறு அவ்வழியே சென்றிருப்பதால் நாமும் அவ்வழியே செல்ல வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு இலண்டனிலே ஜோர்ஜ் ஹொட்ஜ்சன் நிறுவிய ஆலையிலிருந்து இந்தியாவுக்குப் பியர் கப்பலேறியது. 1820-களில் பேர்ட்டன் நகரத்து ஆலைகளும் போட்டிக்கு வந்தன. ஆபிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக் கணக்கிலே பயணம் செய்து கல்கத்தாவிலும் சென்னையிலும் வந்திறங்கிய அந்தப் பானம், கரை சேரும்போது வெந்நீர் போலச் சூடேறியிருந்தால் வியப்பென்ன? அதனை அருந்தத்தக்கதாக்கும் பொறுப்பு ஆங்கிலேயர் வீட்டுப் பணியாளன் ஒருவனைச் சார்ந்தது. அவனுக்கு ஆப்தார் என்று பெயர். பாரசீக மொழியில் ஆப் என்றால் நீர். நீருக்குப் பொறுப்பானவன் ஆப்தார். விருந்துக்குச் செல்லும் துரைமார் தத்தம் ஆப்தாரையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு.

ஆப்தாரின் கைக்கருவி வெடியுப்பு. வெடியுப்பு நீரிலே கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். அதனால் கரைசல் குளிரும். அதனுள் நிற்கும் பாத்திரமும் குளிரும். இந்த முறை ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனை நடைமுறைகளை எழுதிவைத்த அபுல் பசல் இதன் அளவுகளையே தருகின்றார். ஒரு சேர் குடிநீரைக் கூஜாவில் இட்டு வாயை மூடவேண்டும். இரண்டரைச் சேர் வெடியுப்பை ஐந்து சேர் நீரிலே போட்டு, அதனுள் கூஜாவைக் கால்மணி நேரம் சுழற்றவேண்டும். ஒரு சேர் நீர் குளிர இத்தனை உப்பும் இத்தனை உழைப்பும் வேண்டியிருந்தன. கரைந்த உப்பும் வீணாவதில்லை; நீரை வற்றச்செய்து அதனை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வெடியுப்பு பீகாரில் பெருமளவில் விளைந்தது. கிழக்கிந்தியக் கம்பனி அதனை வாங்கி, வெடிமருந்து செய்வதற்காக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பீரங்கிக்கு நெருப்பளித்த அதே உப்புத்தான் விருந்து மேசைக்குக் குளிர்ச்சியும் அளித்தது.

எளிய முறைகளும் இருந்தன. போத்தலை ஈரத்துணியாற் சுற்றிக் காற்றோட்டத்திலே தொங்கவிடுவர். வாயிலிலே வெட்டிவேர்த் தட்டி கட்டி அதன்மேல் நீர் தெளிப்பர். நம் வீட்டு மண்பானை நீரைத் தண்ணென்று வைத்திருப்பதும் இதே தத்துவத்தினாலேயே. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் இது நன்கு பலிக்கும். வடஇந்தியாவின் வறண்ட கோடையிலே சிறப்பாக உதவிய ஈரத்துணி, சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று வீசும் கரையோரங்களிலே அத்துணை பயன் தருவதில்லை.

வடக்கே வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. குளிர்கால இரவுகளிலே ஆழமற்ற குழிகளில் வைக்கோலையோ கரும்புச் சக்கையையோ பரப்பி, அதன்மேல் சிறு மண்தட்டுகளிலே நீர் வைப்பர். காற்று உறைநிலைக்கு வராதபோதும், தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் வெளியேறுவதால், விடியுமுன் தட்டுகளில் மெல்லிய பனிக்கட்டி படியும். அலகாபாத்தில் இதனைக் கண்ட சேர் ரொபேர்ட் பார்க்கர் 1775-இல் விரிவாக எழுதினார். சூரியன் எழுமுன் அதனைச் சேகரித்துக் குழிகளிலே காத்து வைத்த கூலியாட்கள் பலர். அவர்களுடைய பெயர்களை எவரும் எழுதவில்லை.

இந்நிலையில் 1833-ஆம் ஆண்டு மே மாதம், பொஸ்டன் துறைமுகத்திலிருந்து டஸ்கனி என்னும் கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. அனுப்பியவர் பிரெடெரிக் டியூடர். 1806-இல் மார்ட்டினிக் தீவுக்குப் பனிக்கட்டி அனுப்பி நட்டமும் நகைப்பும் தேடிக்கொண்டவர் அவர். எனினும் விடவில்லை, மரத்தூள் வெப்பத்தைத் தடுக்கும் என்பதை அனுபவத்தாற் கற்றார். நான்கு மாதங்களின் பின் கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 தொன் பனிக்கட்டி உருகாமல் எஞ்சியிருந்தது. தேசாதிபதி வில்லியம் பெண்டிங்க் பிரபு, பனிக்கட்டியைக் கொண்டுவந்த ரோஜர்ஸ் என்பவருக்கு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். சென்னையிலும் 1842-இல் கடற்கரையோரமாகப் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அக்கட்டிடத்திலேயே. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆயினும் அப்பகுதியை மக்கள் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.

டியூடரின் வணிகமும் நிலைக்கவில்லை. 1870-களில் இந்திய நகரங்களிலேயே இயந்திரத்தாற் பனிக்கட்டி செய்யத் தொடங்கினர். அதே காலத்தில் ஜெர்மனியிலே கார்ல் லிண்டே என்னும் பேராசிரியர் குளிரூட்டும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவருக்கு முதன்முதல் ஆதரவளித்தவர்கள் பியர் ஆலைக்காரரே. கோடையிலும் பியர் காய்ச்சுவதற்காக வளர்ந்த அந்தக் கலை, பின்னர் இறைச்சியையும் மீனையும் கெடாமற் காத்தது. மருத்துவமனைகளில் மருந்தையும் குருதியையும் காக்கின்றது.

நேயர்களே, டியூடரின் பெயரும் லிண்டேயின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. கல்கத்தாவின் புழுக்கத்திலே, தான் அருந்தாத பானத்துக்காகக் கால்மணி நேரம் கூஜாவைச் சுழற்றி நின்ற ஆப்தாரின் பெயர் எங்கும் இல்லை. அடுத்த முறை குளிர்ப்பெட்டியைத் திறக்கும்போது, அந்தக் கைகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.